வாசகர் கேள்வி பதில்: பதினைந்து வருஷமாக நிறையாத டேங்க்

கேள்வி: மதுராந்தகம் பக்கம் எங்கள் ஊர். வீடு கட்டிப் பதினைந்து வருஷம் ஆகிறது, செப்டிக் டேங்க்கை ஒரு தடவைகூடத் திறந்ததில்லை. நிறையவே இல்லை என்று வீட்டுக்காரர் பெருமையாகச் சொல்வார். இப்போது மழை பிடித்ததும் கழிவறையில் தண்ணீர் இறங்க மாட்டேன் என்கிறது. லாரிக்காரர் பார்த்துவிட்டு, அடியில் கெட்டியாகிவிட்டது, ஆளை இறக்கித்தான் அள்ள வேண்டும், அதற்குத் தனியாக ஆயிரத்து ஐந்நூறு என்கிறார். கொடுக்கலாமா?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்: கொடுக்காதீர்கள். பணத்துக்காகச் சொல்லவில்லை. மூடிக் கிடக்கும் டேங்க்கில் ஹைட்ரஜன் சல்பைடு வாயு சேர்ந்திருக்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடிவிட்டால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, இறங்கியவர் ‘ஒண்ணும் இல்லண்ணே’ என்று சொல்லிக்கொண்டே சுருண்டு விழுவார், தூக்கப் போகிறவரும் கூடவே விழுவார். செய்தியில் இரண்டு பேர், மூன்று பேர் என்று சேர்ந்தே வருவது இதனால்தான். பாதுகாப்புக் கருவி எதுவும் இல்லாமல் ஆளை இறக்கினால் கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். வேலைக்கு வைத்தவர் யார் என்று கேட்கும்போது லாரிக்காரரோடு உங்கள் வீட்டுக்காரர் பெயரும் வரும்.

கெட்டிப்பட்டதை மேலே நின்றே எடுக்கலாம். முதலில் மேல் தண்ணீரை உறிஞ்சிவிட்டு, நல்ல தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி, நீளக் கழியால் கலக்கிவிட்டு மறுபடி ஹோஸைப் போடச் சொல்லுங்கள். ஒரே ட்ரிப்பில் முடியாது, இரண்டாவது லோடுக்குச் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். மூடியைத் திறந்ததும் கொஞ்ச நேரம் காற்றாட விடுங்கள். மீத்தேனும் இருக்கும், பக்கத்தில் யாரும் பீடி பற்ற வைக்கக் கூடாது. முடியாது என்று அவர் அடம்பிடித்தால் கழிவுநீர் அகற்றும் உதவி எண்ணான 14420க்குப் போன் செய்து பேரூராட்சி உரிமம் உள்ள வேறு லாரியைக் கேளுங்கள். எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள் என்றும் கேட்டுவிடுங்கள். கருங்குழியில் இந்தக் கசடைச் சுத்திகரிக்கவே 2017இல் ஒரு நிலையம் திறந்தார்கள், உங்களுக்குப் பக்கம்தான். இவ்வளவு கிட்டத்தில் அது இருக்க, ராத்திரியில் ஏரிக் கால்வாயில் திறந்துவிடுகிற லாரிக்கு நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும்?

அப்புறம் அந்தப் பெருமை. அடியும் சுவரும் பூசிய டேங்க் என்றால் கசடு சேர்ந்தே தீரும், இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை எடுத்தாக வேண்டும். பதினைந்து வருஷம் தாங்கியது என்றால், பெரும்பாலும் அடியில் காங்கிரீட் போடாமல் வெறும் சிமென்ட் உறை (வளையம்) இறக்கிவிட்டு அதையே செப்டிக் டேங்க் என்று சொல்லியிருப்பார்கள். அதாவது எல்லாம் மண்ணுக்குள்ளேயே போயிருக்கிறது. மழையில் நிலத்தடி நீர் ஏறியதும் போக வழியில்லை, திரும்பி நிற்கிறது. அப்படி இருந்தால் லாரி வந்து போன பத்தாம் நாள் மறுபடி இதே கதைதான். ஐப்பசி, கார்த்திகையில் கொஞ்சம் எடுத்துச் சமாளியுங்கள். தை பிறந்து தண்ணீர் இறங்கியதும் கொத்தனாரை வைத்து அடியைப் பாருங்கள். அதுவும் முழுக்க எடுத்த பிறகு, மேலிருந்து டார்ச் அடித்துத்தான்.

கேள்வி: பக்கத்து வீட்டு உறைக்குழி எங்கள் கிணற்றிலிருந்து இருபதடிதான் இருக்கும். தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் போதாதா?

பதில்: கிருமிக்குப் போதும். கழிவிலிருந்து இறங்கும் நைட்ரேட் என்கிற உப்பு காய்ச்சினால் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். கைக்குழந்தைக்குப் பால் கலக்க அந்தத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். ஊறல் குழிக்கும் (கழிவுநீர் மண்ணில் ஊறி இறங்கும் குழி) குடிநீர்க் கிணற்றுக்கும் 18 மீட்டராவது, அதாவது அறுபதடி, இடைவெளி வேண்டும் என்பது கட்டுமான விதி. இரண்டரை சென்ட் மனையில் அதற்கு எங்கே போவது என்பது நியாயமான கேள்விதான். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன்னால் அந்தக் காகிதம் கையில் இருக்கட்டும்.

கேள்வி: ஏதோ பவுடர் போட்டால் டேங்க் நிறையவே நிறையாதாமே?

பதில்: தேவையான கிருமி நாம் தினமும் அனுப்புவதிலேயே இருக்கிறது. பவுடர் வாங்குகிற காசைச் சேர்த்து வைத்தால் லாரிக்கு ஆகும். ஆசிட், பினாயில் எல்லாம் வாளி வாளியாக ஊற்றாமல் இருந்தாலே போதும், நாப்கினையும் டயப்பரையும் உள்ளே போடாதீர்கள்.