பதினேழு வயது நிறைய ஒன்பது நாள் குறைவு: மகள் நீட் எழுத வழி உண்டா?

அம்பாசமுத்திரம் வட்டாரத்திலிருந்து 2025 தொடக்கத்தில் ஒரு தாய் எழுதிய கடிதத்தின் சாரம் இது. அவருடைய மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து, இந்த மார்ச் மாதம் பிளஸ் டூ தேர்வு எழுதுகிறாள். நான்கரை வயதிலேயே ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப்பட்டவள். பிறப்புச் சான்றிதழிலும் எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழிலும் பிறந்த தேதி 9.1.2009 என்று இருக்கிறது. 2025 நீட் தேர்வுக்கு 31.12.2008 அன்றோ அதற்கு முன்போ பிறந்திருக்க வேண்டும் என்பதால் விண்ணப்பம் பதிவாகவில்லை. "மார்கழியில் பிறந்த பிள்ளைதானே, தேதியை டிசம்பருக்கு மாற்றிக்கொள்ளலாம், நோட்டரி பத்திரம் போதும்" என்கிறார் ஓர் உறவினர். "மதுரைக் கோர்ட்டில் ரிட் போட்டால் தேர்வு எழுத விடுவார்கள்" என்கிறார் இன்னொருவர். விண்ணப்பிக்க மார்ச் 7 கடைசி நாள். என்ன செய்வது?

அம்மா, முதலில் விதியைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். தேர்வு நாளன்று பதினேழு வயது நிறைந்திருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. மருத்துவப் படிப்பில் சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் பதினேழு நிறைந்தால் போதும். ஆகவே 2008 அக்டோபரில் பிறந்த பிள்ளை, 2025 மே 4 அன்று நடக்கும் தேர்வை, பதினாறரை வயதிலேயே சட்டப்படி எழுத முடியும். இந்தச் சலுகை ஏற்கெனவே விதிக்குள் இருப்பதால், அதற்கும் அப்பால் ஒன்பது நாள் தளர்த்தும்படி கேட்பதற்கு இடம் மிகக் குறைவு. பல் மருத்துவத்துக்கும், பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் உள்ள பட்டப்படிப்புக்கும் இதே வயதுக் கணக்குத்தான்.

வயது நிறையும் நாளைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1986-இல் பிரபு தயாள் சேஸ்மா வழக்கில் ஒரு விளக்கம் தந்திருக்கிறது. பிறந்த நாளையும் முழு நாளாகக் கணக்கிட்டு, பிறந்தநாளுக்கு முந்தைய நாளே வயது நிறைகிறது என்பது அதன் சாரம். ஜனவரி 1 அன்று பிறந்த ஒருவருக்கு இதைக்கொண்டு வாதாட ஏதோ ஓர் இடம் இருக்கலாம். ஒன்பதாம் தேதி பிறந்த தங்கள் மகளுக்கு இதனால் பயன் இல்லை.

இனி தேதியை மாற்றும் யோசனைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைகொள்ளச் செய்தது இதுதான். மார்கழி மாதம் டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி நடுவில் முடிகிறது என்பதால் "மார்கழிப் பிள்ளை" என்பது எதையும் நிரூபிக்காது. ஜாதகத்தைக் காட்டலாமே என்று யாராவது சொல்வார்கள். வயதை நிரூபிக்க ஜாதகம் மிகப் பலவீனமான சான்று என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் பஞ்சாப் மாநில வழக்கு ஒன்றில் கூறியுள்ளது. நோட்டரி முன் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரம், அதில் கையெழுத்திட்டவர் இப்படிச் சொன்னார் என்பதை மட்டுமே காட்டும்; பதிவேட்டில் உள்ள தேதியை அது மாற்றாது.

1969-ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு தவறான பதிவைத் திருத்த இடம் தருகிறது என்பது உண்மை. ஆனால் அந்தத் திருத்தம் பதிவேட்டின் ஓரத்தில் எழுதப்பட்டு, தேதியுடன் கையெழுத்திடப்படும். மூலப் பதிவு அழிக்கப்படாமல் அப்படியே இருக்கும். அதோடு, மருத்துவமனைப் பிரசவமாக இருந்தால் பதிவாளருக்குத் தகவல் கொடுத்தது அந்த மருத்துவமனையே. பொய்த் தேதியை நுழைத்தால் அந்தத் தகவலோடு அது மோதும். பிறப்புப் பதிவேட்டைப் பொய்யாகப் புனைவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 337-ஆவது பிரிவின்படி ஏழாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். மகள் இளவர் (மைனர்) என்பதால் எல்லாத் தாள்களிலும் கையெழுத்திடப்போவது நீங்கள்தான். யோசனை சொன்ன உறவினர் எந்தத் தாளிலும் இருக்க மாட்டார். நாளை சீட் கிடைத்தபின் இது வெளிப்பட்டால் சீட்டும் போகும்.

உண்மையாகவே டிசம்பரில் பிறந்து, பதிவில் பிழை நேர்ந்திருந்தால் நிலைமை வேறு. மருத்துவமனையின் பிரசவப் பதிவேடு, தடுப்பூசி அட்டை போன்ற அந்தக் காலத்து ஆவணங்கள் இருந்தால் முதலில் பதிவாளரிடம் 15-ஆவது பிரிவின்படி மனு செய்ய வேண்டும். எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழ் ஏற்கெனவே வழங்கப்பட்டுவிட்டதால், பள்ளி ஆவணத்துக்கு அம்பாசமுத்திரம் மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்தில், மகளின் சார்பில் நீங்கள் காப்பாளராக நின்று விளம்புகை வழக்கு, அதாவது சரியான பிறந்த தேதி இதுதான் என்று நீதிமன்றம் அறிவிக்கக் கோரும் வழக்கு, தொடர்வதே நடைமுறை. அரசு அதிகாரிகளை எதிர்வாதிகளாகச் சேர்ப்பதற்கு இரண்டு மாத முன்னறிவிப்பு வேண்டும். அவசரம் என்று நீதிமன்ற அனுமதி பெற்று அதைத் தவிர்த்தாலும் மார்ச் 7-க்குள் தீர்ப்பு வராது. உங்கள் கடிதத்தில் அப்படிப்பட்ட ஆவணம் எதுவும் குறிப்பிடப்படவில்லை என்பதையும் கவனித்தேன்.

உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிப்பேராணை (ரிட்) மனு தாக்கல் செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் சட்டபூர்வ விதிக்கு மாறாக நடக்கும்படி ஓர் அமைப்புக்கு நீதிமன்றம் ஆணையிடுவது அரிது. எந்தத் தேதியை வரம்பாக வைத்தாலும் அதற்கு அந்தப் பக்கம் சிலர் விடுபட்டே தீர்வார்கள், அதனால் மட்டும் அந்த வரம்பு தன்னிச்சையானது ஆகிவிடாது என்பதை, அரசு வேலைக்கான வயது வரம்பு பற்றிய டாக்டர் அமிலால் பட் வழக்கில் 1997-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. இடைக்கால உத்தரவு பெற்றுத் தேர்வு எழுதினாலும் முடிவு நிறுத்திவைக்கப்படலாம். பிள்ளை ஓராண்டு முழுவதும் கோர்ட் தேதிக்குக் காத்திருப்பாள். உறவினர் சொன்னதாக நீங்கள் எழுதியிருக்கும் பாலமுரளி அம்பாட்டி, வேலூரில் பிறந்தவர்தான். பதினேழு வயதில் மருத்துவரானவர்தான். ஆனால் அவர் 1995-இல் பட்டம் பெற்றது அமெரிக்காவில், அந்நாட்டு விதிகளின் கீழ். இங்கே அதை முன்னுதாரணமாகக் காட்ட முடியாது. ஆகவே ரிட் போட வேண்டாம் என்பதே என் கருத்து.

ஓராண்டு காத்திருந்தால் என்ன இழப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டப்படி எதுவும் இல்லை. பிளஸ் டூ மதிப்பெண் அடுத்த ஆண்டும் செல்லும். நீட் எழுதும் வாய்ப்புகளுக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. உச்ச வயது வரம்பும் 2022-இல் நீக்கப்பட்டது. போய்விடுமோ என்று நீங்கள் அதிகம் பயப்படும், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் இட ஒதுக்கீடும் போகாது. 2020-ஆம் ஆண்டுச் சட்டம் பார்ப்பது ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததைத்தான். முந்தைய ஆண்டில் தேர்ச்சி பெற்றவர்களும் அந்த ஒதுக்கீட்டில் இடம் பெற்றுவருகிறார்கள்.

பொறியியல் கலந்தாய்வுக்கு இந்த வயதுத் தடை கிடையாது. நுழைவுத் தேர்வும் இல்லை. இருந்தாலும், ஓராண்டில் விட்டுவிடும் எண்ணத்தோடு அரசுப் பொறியியல் கல்லூரியில் ஓர் இடத்தை எடுப்பதை நான் விரும்பவில்லை. அந்த இடம் வேறொரு பிள்ளைக்குப் போகட்டும். கல்லூரி வாசனை வேண்டுமென்றால் பேட்டை ராணி அண்ணா அரசு மகளிர் கல்லூரியில் அறிவியல் பட்டப்படிப்பில் சேர்ந்துகொண்டு நீட்டுக்குப் படிக்கலாம். எங்கே சேர்ந்தாலும் அசல் சான்றிதழ்களை உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சரிபார்த்தபின் கல்லூரிகள் அவற்றைத் திருப்பித்தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இலேயே அறிவித்திருக்கிறது.

இந்தக் கோடையிலேயே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஆதார் அட்டையிலும் எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழிலும் மகளின் பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஆகியவை எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். மாறியிருந்தால் ஆதாரைச் சான்றிதழோடு ஒத்துவரும்படி திருத்திவிடுங்கள். சாதிச் சான்றிதழையும், ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பள்ளிகளின் தலைமையாசிரியர்கள் தரும் படிப்புச் சான்றையும் 2026 விண்ணப்பம் தொடங்குவதற்கு முன்பே வாங்கி வைத்துவிடுங்கள்.