காசு கொடுத்து வாங்கிய லைசென்ஸ் இனி செல்லாதா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் சின்ன டிசைன் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, ஆல்பம், கோவில் விழா நோட்டீஸ் எல்லாம் செய்கிறேன், தமிழிலும் கன்னடத்திலும். உதவிக்கு ஒரு பையன் இருக்கிறான். 2014-ல் எஸ்.பி. ரோட்டில் ஒரு டீலரிடம் லேஅவுட் மென்பொருள் ஒன்றை ₹48,000 கொடுத்து, நிரந்தர லைசென்ஸாகப் பெட்டியோடு வாங்கினேன். சில மாதங்களுக்கு முன் பழைய கம்ப்யூட்டர் போய்விட்டது. புதியதில் போட்டால் ஆக்டிவேஷன் (மென்பொருளைத் திறக்கக் கம்பெனி சர்வர் தரும் அனுமதி) ஆகவில்லை. கம்பெனியோ "அந்தப் பதிப்பை நிறுத்திவிட்டோம், இப்போது சந்தா மட்டும்தான்" என்று மெயில் அனுப்பியது. கையில் முகூர்த்த வேலைகள் இருந்ததால், வருடத் திட்டத்தில் மாதாமாதம் கட்டும் சந்தா எடுத்தேன். ஐந்தாம் மாதம் நிறுத்தியதும், இடையில் விட்டதற்கான கட்டணம் என்று ஒரு தொகையைக் கார்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். தெரிந்தவர் ஒருவர் ஆக்டிவேஷன் பூட்டை உடைக்கும் கிராக் போட்டுத் தருகிறேன் என்கிறார். நான் என்ன செய்யட்டும், மேடம்?

பதில்:

கிராக் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். வேண்டாம். திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு மென்பொருளைக் கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால், பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவின்படி குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 வருடம் சிறை. ₹50,000 முதல் ₹2 லட்சம் வரை அபராதமும் உண்டு. லாபத்துக்காகப் பயன்படுத்தாதவருக்கு நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம். கடை நடத்தும் உங்களுக்கு அந்தச் சலுகை கிடைப்பது கடினம். இன்று தவறு கம்பெனி பக்கம் இருக்கிறது. கிராக் போட்ட அன்றே அது உங்கள் பக்கம் வந்துவிடும். நாளை நுகர்வோர் ஆணையத்தில் அவர்கள் வாயைத் திறந்ததும் சொல்லப்போவது அதைத்தான்.

சரி, உங்கள் பெட்டிக்கு வருவோம்.

2014 பில் இருக்கிறதா என்று வீடெல்லாம் தேடுங்கள். டீலரிடம் கேளுங்கள், பழைய மெயிலைப் புரட்டுங்கள். அந்த பில்லில் வாட் வரி போட்டிருந்தால் மிகவும் நல்லது. அப்போது ஜிஎஸ்டி கிடையாது. வாட் என்பது சரக்கு விற்பனைக்குப் போடும் வரி. விற்றவரே அதைச் சரக்கு என்று கருதித்தான் விற்றார் என்பதற்கு அந்த ஒரு வரியே சாட்சி. சட்டமும் அப்படித்தான் பார்த்திருக்கிறது. டாடா கன்சல்டன்சி வழக்கில் 2004-ல் உச்ச நீதிமன்றம், வட்டில் பதித்துக் கடையில் விற்கும் ரெடிமேட் மென்பொருள் சரக்குதான் என்றது. 2021 மார்ச்சில் இன்ஜினியரிங் அனாலிசிஸ் வழக்கில், வருமான வரி பற்றிப் பேசும்போது, பதிப்புரிமை வேறு, பதிப்புரிமை உள்ள ஒரு பிரதி வேறு என்று விரிவாகப் பிரித்துக் காட்டியது. மென்பொருளின் பதிப்புரிமை என்றும் கம்பெனியுடையது. ஆனால் உங்கள் பிரதியை, லைசென்ஸில் சொன்னபடி பயன்படுத்தும் உரிமையை நீங்கள் விலை கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள்.

பெட்டிக்குள் ஒரு லைசென்ஸ் தாள் இருந்திருக்கும், அல்லது மென்பொருளை நிறுவும்போது திரையில் வந்திருக்கும். அதில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: காலவரம்பு இருக்கிறதா, வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றலாமா, ஆக்டிவேஷன் பற்றி என்ன சொல்கிறது. புதிய பதிப்பு தருவோம், ஆயுள் முழுக்க ரிப்பேர் பார்ப்போம் என்றெல்லாம் அதில் இருக்காது. அதை நீங்கள் கேட்கவும் முடியாது. காலவரம்பு இல்லாமல் விற்றுவிட்டு, சரியான சீரியல் நம்பரோடு வந்தவருக்கு ஆக்டிவேஷன் மறுப்பது வேறு விஷயம். வீட்டை விற்றவர் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, மாதம் வாடகை கொடுத்தால் திறக்கிறேன் என்பது போன்றது அது. இதை ஒப்பந்த மீறல், சேவைக் குறைபாடு என்று தயக்கமில்லாமல் வாதாடுவேன். "ஆக்டிவேஷன் சேவையை எப்போது வேண்டுமானாலும் நிறுத்துவோம்" என்று லைசென்ஸ் தாளில் ஒரு வரி இருந்தால் வழக்கு கடினமாகும். அதனால்தான் அந்தத் தாளைப் படிக்காமல் நோட்டீஸ் அனுப்பாதீர்கள் என்கிறேன்.

தொழில்நுட்பத்தில் முடியாது என்ற பதிலையும் ஏற்க வேண்டியதில்லை. போட்டோஷாப் தயாரிக்கும் அடோபி நிறுவனம் தன் சிஎஸ்2 மென்பொருள் வரிசைக்கான ஆக்டிவேஷன் சர்வர்களை நிறுத்தியபோது, 2013 தொடக்கத்தில், ஏற்கெனவே வாங்கியவர்களுக்காக ஆக்டிவேஷன் தேவைப்படாத பதிப்பையும் சீரியல் நம்பரையும் தந்தது. மனம் வைத்தால் முடியும் என்பதற்கு இது நல்ல உதாரணம். நோட்டீஸில் இதைக் குறிப்பிடுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இனிமேலும் நிரந்தர லைசென்ஸாகவே விற்க வேண்டும் என்று எந்தக் கம்பெனியையும் நம் சட்டத்தால் கட்டாயப்படுத்த முடியாது. 2013 மே மாதம் அடோபி இனி சந்தா மட்டுமே என்று அறிவித்தபோது, உலகம் முழுக்க டிசைனர்களும் போட்டோகிராபர்களும் கொதித்தார்கள், ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டார்கள். முடிவு மாறவில்லை, சிஎஸ்6-தான் கடைசி நிரந்தரப் பதிப்பு ஆனது. 2016-ல் ஆட்டோகேட் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க்கும் அதே வழிக்குப் போனது. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. வருமானம் ஆடி மாதம் ஒரு மாதிரி, தை மாதம் ஒரு மாதிரி வரும் தொழிலில், மாதம் தவறாத ஒரு செலவு எவ்வளவு பாரம் என்று என்னிடம் வரும் ஸ்டுடியோக்காரர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் நாளை எப்படி விற்பார்கள் என்பதையும் நேற்று உங்களுக்கு விற்றதையும் ஒரே புகாரில் கலந்தால், பலமான பாதியும் பலவீனமாகிவிடும். நேற்று விற்றதை மட்டும் கேளுங்கள்.

அடுத்து, "இவர் வியாபாரி, நுகர்வோரே அல்ல" என்பார்கள். இதற்குப் பதில் தருவது நம்ம ஊர் வழக்கு ஒன்றுதான். கோவை பி.எஸ்.ஜி. நிறுவனம் எதிர்த்தரப்பாக இருந்த லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில், 1995-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குபவரும், தானே இயக்கிப் பிழைக்க லேத் வாங்குபவரும் நுகர்வோர்தான், உதவிக்கு ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது. உங்கள் கடைப் பையன் அந்தக் கணக்குக்குள் வருகிறான். நீங்களே உட்கார்ந்து டிசைன் செய்கிறீர்கள், குடும்பம் இதில்தான் நடக்கிறது என்பதைப் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. பழைய நுகர்வோர் சட்டத்தில், சுயதொழில் செய்பவருக்கான இந்தப் பாதுகாப்பு சரக்குக்கும் இருந்தது, சேவைக்கும் இருந்தது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ம் ஆண்டுச் சட்டத்தின் விளக்கத்தில் "சரக்கு" என்று மட்டும்தான் இருக்கிறது. பெட்டியில் வாங்கிய மென்பொருள் சரக்கு, அதனால் பாதுகாப்பு உண்டு. சந்தாவோ சேவை என்றே வாதாடப்படும். ஆக, மென்பொருளை நிரந்தரமாக வாங்கிய டிசைனரைவிட சந்தா கட்டும் டிசைனருக்கு நுகர்வோர் சட்டத்தில் காலூன்ற இடம் குறைவு. எனக்கு இது நியாயமாகப் படவில்லை, ஆனால் வழக்கை இதற்கேற்பத்தான் அமைக்க வேண்டும். சந்தாவைத் தனிக் குறையாக முதலில் வைக்காதீர்கள். ஆக்டிவேஷன் மறுத்ததுதான் முதல் தவறு. அதனால்தான் வேறு வழியில்லாமல் சந்தா எடுத்தேன். ஐந்து மாதச் சந்தாவும் நிறுத்தியதற்கான கட்டணமும் அந்தத் தவறால் வந்த நஷ்டம். இந்த வரிசையில் எழுதினால் எல்லாம் பழைய பெட்டியோடு கட்டுண்டு நிற்கும்.

சந்தா எடுக்கும்போது "ஒப்புக்கொள்கிறேன்" என்று அழுத்தியதால் பழைய உரிமை போய்விட்டதா? இரு தரப்பும் சம்மதித்துப் பழைய ஒப்பந்தத்துக்குப் பதில் புதியதை வைத்தால்தான் பழையது முடியும். ஒப்பந்தச் சட்டம் 62-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. புதிய விதிகளில், முந்தைய லைசென்ஸ்கள் இத்துடன் முடிகின்றன என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பழைய உரிமையை விட்டுக்கொடுக்காமல்தான் சந்தா எடுத்தேன் என்று நோட்டீஸில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இடையில் நிறுத்தியதற்கு எடுத்த கட்டணம் பற்றி. ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது என்பதற்காக முழுத் தொகையும் தானாகக் கம்பெனிக்குச் சேர்ந்துவிடாது. அதே ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு நியாயமான இழப்பீட்டைத்தான் அனுமதிக்கிறது. நஷ்டமே இல்லாத இடத்தில் இழப்பீடும் இல்லை என்று 2015-ல் கைலாஷ் நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வருடத்துக்கு ஒப்புக்கொண்டதால் மாத விலையைக் குறைத்தோம், அதுதான் எங்கள் நஷ்டம் என்று கம்பெனி சொல்லும். அதில் ஓரளவு நியாயம் உண்டு. அப்படியானால் அந்தத் தள்ளுபடி அளவுக்குத்தான் கேட்கலாம் என்பது நம் பதில். அந்தக் கட்டணத்தைச் சந்தா எடுக்கும் பக்கத்தில் கண்ணில் படும்படி காட்டினார்களா, சின்ன எழுத்தில் ஒளித்தார்களா என்பதும் முக்கியம். 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இணையதளங்களிலும் செயலிகளிலும் வாடிக்கையாளரைச் சிக்கவைக்கும் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைத் தடுக்கின்றன. சேர்வதைச் சுலபமாக்கி, நிறுத்துவதைக் கடினமாக்கும் சந்தாப் பொறியும் அதில் ஒன்று. நீங்கள் நிறுத்தப் போனபோது எத்தனை பக்கம் சுற்ற விட்டார்கள் என்று நினைவிலிருந்து இன்றே எழுதி வையுங்கள். அமெரிக்காவிலும் இதே வகைக் குற்றச்சாட்டோடு 2024 ஜூனில் அந்நாட்டு வணிக ஆணையத்தின் பரிந்துரைப்படி அரசு அடோபி மீது வழக்குப் போட்டது. அது நம் ஆணையத்தைக் கட்டுப்படுத்தாது.

அப்புறம், கார்டில் தானாகப் பணம் எடுக்க நீங்கள் கொடுத்த அனுமதி (மேண்டேட்) இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி, இப்படி மாதாமாதம் எடுக்கும் பணத்துக்கு 24 மணி நேரம் முன்பே உங்களுக்குத் தகவல் வர வேண்டும், மறுக்கும் வழியும் இருக்க வேண்டும். தகவல் வரவில்லை என்றால் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். மேண்டேட்டை ரத்து செய்தால் பணம் எடுப்பது நிற்கும், ஒப்பந்தம் தானாக முடியாது. இரண்டையும் தனித்தனியாக முடிக்க வேண்டும்.

சந்தா மென்பொருள் இன்னும் திறக்கிறது என்றால், அது நிற்கும் முன் பழைய வேலைகளை எல்லாம் பிடிஎஃப் ஆகவும், வேறு மென்பொருள் படிக்கக்கூடிய வடிவிலும் எடுத்து வைத்துவிடுங்கள். யூனிகோடு அல்லாத பழைய தமிழ் எழுத்துருக்களில் செய்தவற்றுக்கு எழுத்துருவையும் சேர்த்துப் பாதுகாக்க வேண்டும். வாடிக்கையாளர் இரண்டு வருடம் கழித்து வந்து கேட்பார்.

எங்கே போவது? முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். சில கம்பெனிகள் அங்கேயே இறங்கி வருகின்றன. இல்லையென்றால் பெங்களூரு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி எந்த நாட்டில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்தில் புகார் கொடுக்க நுகர்வோர் சட்டத்தின் 34-வது பிரிவு வழி விடுகிறது. கொடுத்த விலை ₹5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். தகராறு வந்தால் நடுவர் தீர்ப்புக்கு (ஆர்பிட்ரேஷன்) மட்டுமே போக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் விதி இருந்தாலும் ஆணையத்தின் கதவு மூடாது. எம்மார் வழக்கில் 2018-ல் இது முடிவாகிவிட்டது. டீலரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். வெளிநாட்டுக் கம்பெனிக்கு இங்கே அலுவலகம் இல்லாவிட்டால், உத்தரவை நிறைவேற்ற உள்ளூரில் ஒருவர் இருப்பது பெரிய உதவி. "ஒப்பந்தமே நியாயமற்றது" என்ற கோரிக்கை மட்டும் மாநில ஆணையத்துக்குத்தான் போகும். அதனால் மாவட்டப் புகாரில் அந்தச் சொல்லைத் தவிர்த்து, சேவைக் குறைபாடு, முறையற்ற வணிக நடைமுறை என்று எழுதுங்கள். அதே பெட்டி வைத்திருக்கும் கடைக்காரர்கள் அக்கம்பக்கத்தில் இருந்தால், ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்தே ஒரு புகாராகக் கொடுக்கலாம்.

ஆக்டிவேஷன் மறுத்து வந்த அந்த மெயிலை அச்செடுத்து, மேலே தேதியைச் சுழித்து வையுங்கள். அன்றிலிருந்து இரண்டு வருடம்தான் உங்களுக்கு நேரம். 15 நாள் அவகாசம் கொடுத்து, கம்பெனிக்கும் டீலருக்கும் பதிவு வசதியோடு ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸை இந்த வாரமே அனுப்புங்கள்: ஒன்று ஆக்டிவேஷன் செய்து கொடுங்கள், இல்லையென்றால் ₹48,000-ஐயும் சந்தாப் பணத்தையும் திருப்புங்கள். பில் கிடைக்கவில்லை என்றால் டீலரிடமிருந்து அந்த விற்பனைக்கு ஒரு கடிதமாவது வாங்கிக்கொண்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.