ஒரே சீக்வென்ஸ் ஃபைல், இரண்டு ஸ்கேனரில் இரண்டு டி1

கேள்வி: நான் எம்.ஆர்.ஐ. இயற்பியல் ஆராய்ச்சி மாணவி. ஃபிளிப் ஆங்கிளை (ரேடியோ அலையான ஆர்எஃப் பல்ஸ் காந்தத்தன்மையைச் சாய்க்கும் கோணம்) மாற்றி மாற்றி எடுத்து டி1 (சாய்ந்த காந்தத்தன்மை பழைய நிலைக்கு மீள ஆகும் நேரத்தின் அளவு) கணக்கிடும் சீக்வென்ஸ் (ஸ்கேனருக்கான கட்டளை வரிசை) ஒன்றைப் பல்செக் என்ற திறந்த மென்பொருளில் எழுதியிருக்கிறேன். அதே ஃபைலையும் சோதனைக்கு ஸ்கேன் செய்யும் எங்கள் அகார் ஜெல் பாட்டில்களையும் வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்பினோம். இரண்டும் 3 டெஸ்லா, ஆனால் வேறு வேறு கம்பெனி மெஷின். பி1 (ஆர்எஃப் புலத்தின் உண்மையான வலு) திருத்தத்தை அவரவர் மெஷினில் இருந்த முறையிலேயே செய்தோம். அவர்களுக்கு டி1 12 சதவீதம் குறைவாக வருகிறது. இதை எல்லோருக்கும் வெளியிடலாமா? எதையெல்லாம் சேர்த்துக் கொடுக்க வேண்டும்?

பதில்: வெளியிடுங்கள். ஆனால் அந்த 12 எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டு வெளியிடுங்கள். எனக்கு முதல் சந்தேகம் உங்கள் கேள்வியிலேயே இருக்கும் பி1 மேல்தான்.

உங்கள் ஃபைலை நோட்பேடில் திறந்து, ஆர்எஃப் பல்ஸ்கள் உள்ள பகுதியைப் பாருங்கள். ஃப்ரைபர்க் குழுவினர் 2017-ல் பல்செக்கை வெளியிட்டதால் நமக்குக் கிடைத்த பெரிய வசதி இது: கம்பெனியின் பூட்டிய நிரல் இல்லாமல், சீக்வென்ஸை வெறும் எழுத்தாகப் படிக்கலாம். அங்கே பல்ஸின் உயரம் ஹெர்ட்ஸில் இருக்கும், வோல்ட்டில் இருக்காது. எத்தனை வோல்ட் கொடுத்தால் அத்தனை ஹெர்ட்ஸ் கிடைக்கும் என்பதை ஒவ்வொரு ஸ்கேனரும் ஸ்கேனுக்கு முந்தைய தன் அளவீட்டில் தானே முடிவு செய்கிறது. அதனால் ஃபைல் ஒன்றாக இருந்தாலும் பாட்டில் உணரும் ஃபிளிப் ஆங்கிள் ஒன்றாக இருக்காது.

உங்கள் முறையில் இந்தப் பிழை அப்படியே வராது, ஏறக்குறைய இரட்டிப்பாகி வரும். கோணம் 6 சதவீதம் குறைந்தால் டி1 சுமார் 12 சதவீதம் குறையும். இதைத் திருத்தத்தான் பி1 வரைபடம் எடுக்கிறோம். அந்த வரைபடத்தையே இரண்டு கம்பெனிகளின் இரண்டு முறையில் எடுத்தால், திருத்தமே வித்தியாசத்தைக் கொண்டுவந்துவிடும். பி1 அளவீட்டையும் பல்செக்கிலேயே எழுதி இரண்டு இடத்திலும் ஓட்டுங்கள். இரண்டு டிஆர் (ஒரு பல்ஸுக்கும் அடுத்த பல்ஸுக்கும் உள்ள இடைவெளி) வைத்து எடுக்கும் ஏ.எஃப்.ஐ. முறை எழுதுவதற்கு எளிது. இன்னொன்று: இரண்டு ஃபிளிப் ஆங்கிளையும் தனித்தனி ஸ்கேனாக ஓட்டினால் நடுவில் ரிசீவர் கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) மாற இடமுண்டு. ஒரே ஃபைலுக்குள் அடுத்தடுத்து வைத்துவிடுங்கள்.

அதற்கு முன் பாட்டிலின் வெப்பநிலையைக் கேளுங்கள். தண்ணீரின் டி1 ஒரு டிகிரிக்குச் சுமார் 2 சதவீதம் ஏறும், அகாரும் பெரும்பாலும் தண்ணீர்தானே. நான் ஒருமுறை 6 சதவீத வித்தியாசத்தைத் துரத்தி, மூன்று வாரம் படத்தை உருவாக்கும் ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் நிரலை வரிவரியாகப் பார்த்தேன். கடைசியில் பார்த்தால், ஓர் இடத்தில் பாட்டில்கள் முந்தின இரவே ஸ்கேனர் அறைக்குள் வந்திருந்தன. இன்னோர் இடத்தில் வெளியிலிருந்து நேராகக் காயிலுக்குள் போயிருந்தன. ஸ்கேனுக்கு முன்னும் பின்னும் வெப்பநிலையைக் குறித்து வையுங்கள். உலோகம் இல்லாத ஃபைபர் ஆப்டிக் தெர்மாமீட்டர் நல்லது. முடிந்தால் அமெரிக்க அளவுத்தர நிறுவனமான என்.ஐ.எஸ்.டி.யும் சர்வதேச எம்.ஆர். ஆய்வாளர் சங்கமான ஐ.எஸ்.எம்.ஆர்.எம்.மும் சேர்ந்து உருவாக்கிய பேன்டத்தை (அளவுகள் முன்பே தெரிந்த சோதனைப் பொருள்) கடன் வாங்குங்கள். அதன் டி1 தட்டில் நிக்கல் குளோரைடு நிரப்பிய 14 சிறு கோளங்கள் உண்டு. நிக்கல் கரைசலின் டி1 வெப்பநிலைக்கு அவ்வளவாக அசையாது.

அப்புறம், இரண்டு இடத்திலும் அதே பாட்டில்களை இன்வர்ஷன் ரிக்கவரியில் (காந்தத்தன்மையைத் தலைகீழாக்கி, அது மீள்வதை அளக்கும் முறை) எடுங்கள். ஒரே ஸ்லைஸ் போதும், டிஐ (தலைகீழாக்கிய பின் காத்திருக்கும் நேரம்) 50, 400, 1100, 2500 மில்லி செகண்ட். நேரம் பிடிக்கும், ஆனால் இன்வர்ஷன் எவ்வளவு முழுமையாக நடந்தது என்பதையும் சேர்த்து ஃபிட் செய்தால் பி1 பிழை பெரிதாகத் தொடாது. இதில் இரண்டு இடமும் ஒத்துப்போனால் பாட்டில்மேல் குற்றமில்லை, பி1 அளவீட்டைத்தான் பிடிக்க வேண்டும். இதுவும் ஒத்துப்போகவில்லை என்றால் வெப்பநிலைக்குத் திரும்புங்கள்.

ஸ்பாய்லிங் (முந்தைய பல்ஸின் மிச்ச சிக்னலை அழிப்பது) பற்றிச் சிலர் சொல்வார்கள். ஆர்எஃப் ஃபேஸ் ஃபைலிலேயே எழுதியிருப்பதால் அது இரண்டு இடத்திலும் ஒன்றுதான். இரு இடத்து வித்தியாசத்துக்கு அது காரணமாக இருப்பது அரிது. ஆனால் ஸ்பாய்லிங் சரியில்லை என்றால் இரண்டு இடமுமே உண்மையான டி1-லிருந்து ஒரே பக்கம் விலகும். ஒத்துப்போவதை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது. அதனால்தான் இன்வர்ஷன் ரிக்கவரியை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

சரி, வெளியிடும்போது என்ன கொடுப்பது? ஃபைல் மட்டும் போதாது. அதை உருவாக்கிய ஸ்கிரிப்ட், பல்செக் பதிப்பு, ஒவ்வொரு மெஷினிலும் ஃபைலைப் படித்து ஓட்டிய இன்டர்ப்ரெட்டரின் பதிப்பு, ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் நிரல், உரிமம், எல்லாம் வேண்டும். இவற்றைவிட முக்கியம் பேன்டத்தின் ரா டேட்டா. அதை எல்லா கம்பெனிக்கும் பொதுவான ஐ.எஸ்.எம்.ஆர்.எம்.ஆர்.டி. வடிவத்துக்கு மாற்றி, வெப்பநிலைக் குறிப்போடும் உங்களுக்குக் கிடைத்த டி1 எண்களோடும் ஸெனோடோ தரவுக் களஞ்சியத்தில் போட்டு டிஓஐ (நிரந்தர அடையாள எண்) வாங்குங்கள். 2020-ல் ஐ.எஸ்.எம்.ஆர்.எம். நடத்திய சவாலில் பல குழுக்கள் ஒரே கட்டுரையின் முறையைப் பார்த்து டி1 எடுத்தார்கள். ஒரு குழுவுக்குள் இருந்த சிதறலைவிடக் குழுக்களுக்கு இடையே சுமார் இரண்டு மடங்கு சிதறல் இருந்தது. எழுத்தில் சொன்ன முறைக்கே இந்த நிலை. உங்கள் ரா டேட்டா கையில் இருந்தால், புதிதாக வருபவர் முதலில் அதை வைத்துத் தன் கணக்கைச் சரிபார்ப்பார், பிறகுதான் தன் ஸ்கேனரைச் சந்தேகிப்பார்.

ஸ்கிரிப்ட்டில் டிஇ (பல்ஸிலிருந்து சிக்னல் எடுக்கும் வரையிலான நேரம்), டிஆரைக் கட்டாய எண்களாக எழுதுங்கள். "குறைந்தபட்ச டிஇ" என்று விட்டால், கிரேடியன்ட் (இடத்துக்கு இடம் மாறும் காந்தப்புலம்) வலு குறைந்த ஸ்கேனருக்காக ஒருவர் ஃபைலைத் திரும்ப உருவாக்கும்போது டிஇ சத்தமில்லாமல் நீண்டுவிடும். அதைவிட ஸ்கிரிப்ட் நின்று பிழை காட்டுவது மேல். அதோடு, எஸ்.ஏ.ஆர். (உடல் உறிஞ்சும் ரேடியோ அலை ஆற்றல்), நரம்புத் தூண்டல், கிரேடியன்ட்டின் அதிர்வு அலைவரிசை ஆகியவற்றை உங்கள் மெஷினில் மட்டுமே பார்த்திருக்கிறீர்கள் என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். ஆளைப் படுக்க வைப்பதற்கு முன் அவரவர் மெஷினில் பேன்டத்தை வைத்துத் திரும்பப் பார்க்க வேண்டும்.

பி1-ஐ ஒரே முறையில் எடுத்த பிறகு அந்த 12 எவ்வளவாக வந்தது என்று எழுதுங்கள். குறையவில்லை என்றால் இரண்டு இடத்து ரா டேட்டாவையும் அனுப்புங்கள், உட்கார்ந்து பார்க்கிறேன்.