பட்டியடி கேள்வி பதில்: புல்லு மட்டும் குடுத்து மாடும் செம்மறியும் வளர்க்கலாமோ?

கேள்வி: ஐயா, எங்களுக்கு முல்லைத்தீவு மல்லாவிப் பக்கம் 8 ஏக்கர் மேட்டுக்காணி, 10 நாட்டு மாடும் 20 செம்மறியும் நிக்குது. கனடாவில இருக்கிற அண்ணா ஓர்கானிக்கா புல்லிலயே வளர்த்து வித்தா நல்ல விலை எண்டுறார். நாங்கள் எப்பவும் மேய விட்டுத்தானே வளர்க்கிறம், அப்ப இது ஓர்கானிக் தானே?

பதில்: இல்லைத் தங்கச்சி, மேய விடுறது வேற ஓர்கானிக் வேற. அறுவடை முடிஞ்ச வயலுக்குள்ள உங்கட மாடு இறங்குது, அந்த வயலுக்கு களைகொல்லி அடிச்சிருந்தா அந்தத் தாளும் வைக்கலும் ஓர்கானிக் கணக்கில வராது. உதாரணத்துக்கு அமெரிக்கச் சட்டத்தில காணிக்கு 3 வருசம் தடைசெய்த மருந்து, உரம் ஒண்டும் போட்டிருக்கக்கூடாது, மேய்ச்சல் காலத்தில குறைஞ்சது 120 நாள் மேயவேணும், அந்த நாளில மாடு திங்கிறதில காய்ஞ்ச நிறைக் கணக்குக்கு 30 வீதமாவது மேய்ச்சலில இருந்து வரவேணும். அதுக்கு மேல ஓர்கானிக் தானியமும் குடுக்கலாம், அதால ஓர்கானிக் எண்டா புல்லு மட்டும் எண்டு அர்த்தமில்லை. அண்ணா எதைக் கேக்கிறார், ஆர் வாங்கப்போறார் எண்டதை முதல்ல தெளிவாக் கேளுங்கோ.

ஆனா எனக்கு உங்கட சான்றிதழை விட ஆவணி புரட்டாசி தான் கவலை. 250 கிலோ மாட்டுக்கு ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 25 கிலோ பச்சைப்புல்லு வேணும், செம்மறிக்கு 3 கிலோ, அப்ப உங்கட பட்டிக்கு நாளுக்கு 310 கிலோ. கச்சான் காத்து அடிக்கிற காலத்தில தண்ணி இறைக்காத மேட்டுக்காணியில அது எங்கால வரும்? 3 மாசத்துக்கு கிட்டத்தட்ட 7 டன் காய்ஞ்ச புல்லு சேர்த்து வைக்கவேணும், மாரி முடிஞ்சு தை மாசியில புல்லு நல்லா நிக்கேக்க வெட்டி காயவிட்டு கூரைக்குக் கீழ அடுக்குங்கோ. வேலி முழுக்க கிளிசரியா (சீமைக்கிளுவை) கதியால் நடுங்கோ, கோடையிலயும் குழை வெட்டலாம், வெட்டினதைக் கொஞ்சம் வாடவிட்டுக் குடுத்தா விரும்பித் தின்னும். இப்பில் இப்பில் (சவுண்டல்) குழை எண்டா மொத்தத் தீவனத்தில மூண்டில ஒண்டுக்கு மேல போகவேண்டாம். இவ்வளவும் சேர்க்க ஏலாட்டி பட்டியைக் குறையுங்கோ, எலும்பு தெரியிற மாட்டை ஓர்கானிக் எண்டு வித்து என்ன பிரயோசனம்.

கேள்வி: மாரியில செம்மறிக்குட்டியள் கழிஞ்சு கழிஞ்சு சாகுது. குடற்புழுவுக்குப் பூச்சி மருந்து குடுக்காமல் வளர்க்க வழி இருக்கோ?

பதில்: இருக்கு, ஆனா வேலையும் இருக்கு. புழுக்குஞ்சு புழுக்கையில இருந்து புல்லுக்கு ஏற ஈரமும் சூடும் இருந்தா ஒரு கிழமை போதும், அதால காணியை துண்டு துண்டா அடைச்சு ஒரு துண்டில 4 நாளுக்கு மேல நிப்பாட்டாதேங்கோ, திரும்பி வர 5, 6 கிழமையாவது ஆகவேணும். செம்மறி போன துண்டில பிறகு மாட்டை விடுங்கோ, செம்மறியின்ர குடற்புழு பெரும்பாலும் மாட்டுக்குள்ள வளராது, மாடு அதுகளைத் திண்டு துப்புரவாக்கிப்போடும். கீழ் இமையை இழுத்துப் பாருங்கோ, சிவப்பா இல்லாமல் வெளுத்திருந்தா ரத்தம் உறிஞ்சிற புழு இருக்கு, உடன மிருக வைத்தியரிட்டக் கேட்டு மருந்து குடுங்கோ. ஓர்கானிக் எண்டு சொல்லி நோயாளி ஆட்டை மருந்தில்லாமல் சாகவிடுறது பாவம், எந்தச் சட்டமும் அப்பிடிச் சொல்லேல்லை, அந்த ஆட்டை ஓர்கானிக் எண்டு விக்காமல் விட்டாச் சரி.

கேள்வி: மாட்டுக்கு வாங்கின தாதுக்கலவையை செம்மறிக்கும் வைக்கலாமோ?

பதில்: கூடவே கூடாது. அதில செம்பு கூட, செம்மறிக்கு அது ஈரலில சேர்ந்து சேர்ந்து திடீரெண்டு கொண்டுபோடும்.

கேள்வி: கொட்டில் கட்டுறதோ திறந்த பட்டியோ நல்லம்?

பதில்: கோடையில திறந்த பட்டி போதும், வயலில அடைச்சா எருவும் வயலுக்கே. ஆனா 2022 மார்கழியில புயலோட வந்த குளிர் மழையில வடக்கு கிழக்கில நூற்றுக்கணக்கான மாடும் ஆடும் விறைச்சுச் செத்ததை மறக்கேலாது. மாரிக்கு உயரமான இடத்தில ஒரு கூரை, வாடைக்காத்து வாற பக்கம் கிடுகால மறைப்பு, தரையில வைக்கல், கண்டுக்கும் குட்டிக்கும் முதல் இடம். ஐப்பசிக்கு முன்னம் கட்டி முடியுங்கோ.