டபுள் சின்னுக்கு ஊசி: போடும் முன் கிள்ளிப் பாருங்கள்

சகோதரி, 12 கிலோ குறைத்தும் டபுள் சின் போகவில்லை, பார்லரில் கொழுப்பு கரைக்கும் ஊசி போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பார்லரில் வேண்டவே வேண்டாம்.

முதலில் தாடைக்கடியில் இரு விரலால் கிள்ளிப் பாருங்கள். தடிப்பாகப் பிடிபட்டால் கொழுப்பு. மெல்லிய துணி மாதிரி மடிந்து வந்தால் தளர்ந்த தோல். உடம்பு இளைத்தவர்களுக்கு இது சகஜம். தோல் தளர்ந்திருந்தால் ஊசி உதவாது, தொய்வு இன்னும் கூடலாம்.

கொழுப்புதான் என்றால் டிஆக்சிகோலிக் அமிலம் என்ற ஊசி இருக்கிறது. 2015-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மாத இடைவெளியில் 6 தடவை வரை போடுவார்கள், கழுத்து நன்றாக வீங்கும். தாடையோர நரம்பில் பட்டால் சிரிக்கும்போது வாய் கோணும். பெரும்பாலும் தானாகச் சரியாகும், ஆனாலும் சில வாரங்கள் ஆகும். அதனால்தான் சொல்கிறேன், தோல் மருத்துவரிடமோ பிளாஸ்டிக் சர்ஜனிடமோ போங்கள். அப்புறம், கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷன் பற்றியும் கேளுங்கள். அது பெரும்பாலும் ஒரே தடவையில் முடியும்.