ஒரு மெஷினில் கம்பைல் செய்த விம் எடிட்டர் இன்னொரு மெஷினில் ஏன் ஓடவில்லை?

கேள்வி இதுதான்: "உபுண்டு லேப்டாப்பில் விம் எடிட்டரை சோர்ஸிலிருந்து கம்பைல் செய்தேன். அதே ஃபைலைக் கல்லூரி லேபில் உள்ள பழைய மெஷினுக்குக் கொண்டுபோனால் ஓடவில்லை. ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் தனித்தனியாக கான்ஃபிகர் செய்யத்தான் வேண்டுமா?"

ஆமாம், தனித்தனியாகத்தான். கம்பைல் என்பது சோர்ஸை, அதாவது மனிதர் எழுதிய புரோகிராமை, மெஷின் ஓட்டக்கூடிய ஃபைலாக மாற்றுவது. கான்ஃபிகர் என்பது அதற்கு முன்னால் அந்த மெஷினில் என்னென்ன இருக்கிறது என்று சோதிப்பது. ஓடாமல் போவதைப் பற்றி நான் அவ்வளவாகக் கவலைப்பட மாட்டேன், அதற்கு எரர் வந்துவிடும். பாதி வசதி இல்லாமல் கம்பைல் ஆகி, நன்றாக ஓடுவது போல இருப்பதுதான் ஆளைச் சுற்றவிடும். கமாண்டுகளை இங்கே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன், டைப் செய்யும்போது ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள், வெர்ஷன், ப்ரிஃபிக்ஸ் போன்ற ஆப்ஷன்களுக்கு முன்னால் இரண்டு ஹைஃபன் போட்டு.

முதலில் உங்கள் ஃபைல் ஏன் ஓடவில்லை என்று பார்த்துவிடலாம். வியாசர்பாடியில் ஒரு மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு லினக்ஸ் சொல்லித் தருகிறேன். அங்கே இருக்கும் மெஷின்கள் எல்லாம் யாரோ வேண்டாம் என்று கொடுத்தவை, ஒன்றுக்கொன்று ஒட்டாது. என் லேப்டாப்பில் உபுண்டு 22.04, அதில் ஜிலிப்ஸி (புரோகிராம்கள் சார்ந்திருக்கும் அடிப்படை சி லைப்ரரி) 2.35. அங்கே உள்ள ஒரு டெஸ்க்டாப்பில் உபுண்டு 20.04, ஜிலிப்ஸி 2.31. என் லேப்டாப்பில் கம்பைல் ஆன விம்மை பென்டிரைவில் கொண்டுபோய் அங்கே ஓட்டினால், 'ஜிலிப்ஸி 2.34 கிடைக்கவில்லை' என்று முகத்தில் அடித்தது போலச் சொல்லிவிட்டது. 2021 ஆகஸ்டில் வந்த 2.34 பதிப்பில் த்ரெட் லைப்ரரியைப் பிரதான சி லைப்ரரிக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். அதற்குப் பிறகான சிஸ்டத்தில் கம்பைல் ஆகும் சின்ன புரோகிராம்கூட குறைந்தது 2.34 வேண்டும் என்று கேட்கும். தலைகீழாக, பழையதில் கம்பைல் செய்து புதியதில் ஓட்டினால் பெரும்பாலும் ஓடிவிடும்.

ராஸ்பெர்ரி பை என்ற குட்டி கம்ப்யூட்டரில் போட்டால் கதையே வேறு. 'எக்ஸெக் ஃபார்மட் எரர்' வரும். அது ஆர்ம் பிராசஸர், உங்கள் ஃபைலில் இருப்பது இன்டெல் மொழி.

சரி, லைப்ரரியும் ஒன்று, பிராசஸரும் ஒன்று என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்த ஒரு ஃபைலை மட்டும் தூக்கிக்கொண்டு போனால் இ1187 என்று ஒரு எரர் வரும், டிஃபால்ட்ஸ் ஃபைலைப் படிக்க முடியவில்லை என்று. விம் தன்னுடைய ஹெல்ப், சின்டாக்ஸ் ஃபைல்களை எங்கே தேட வேண்டும் என்ற பாதை கம்பைல் ஆகும்போதே உள்ளே பதிந்துவிடுகிறது. கான்ஃபிகரில் ப்ரிஃபிக்ஸ் என்று கொடுக்கிறோமே, அதுதான் அந்த இடம். ஒன்றும் கொடுக்காவிட்டால் யூஎஸ்ஆர் லோக்கல். கம்பைல் ஆனதை உரிய இடத்தில் போட்டு வைக்கும் 'மேக் இன்ஸ்டால்' கமாண்டை ஓட்டாத மெஷினில் அந்த ஃபோல்டர் இருக்காது.

இனி கான்ஃபிகர். நிறைய பேர் இதை ஏதோ செட்டிங்ஸ் ஃபைல் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது ஆட்டோகான்ஃப் என்ற கருவி எழுதித் தந்த ஒரு பெரிய ஷெல் ஸ்கிரிப்ட். சிஸ்டத்தின் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு முடிவெடுக்காது. ஒவ்வொரு சந்தேகத்துக்கும் ஒரு குட்டி சி புரோகிராமை எழுதி, கம்பைல் செய்து, சில சமயம் ஓட்டியும் பார்த்துவிட்டு 'எஸ்', 'நோ' என்று ஒரு வரி அச்சிடும். திரையில் சரசரவென்று ஓடுகிற அந்த நூற்றுக்கணக்கான வரிகளில் ஒன்றைப் பிடித்து நிறுத்திப் பாருங்கள்: 'டூ-அப்பர் இஸ் ப்ரோக்கன்... நோ'. டூ-அப்பர் என்பது சின்ன எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் ஃபங்ஷன். சில பழைய யூனிக்ஸ்களில் ஏற்கெனவே பெரிய எழுத்தாக இருக்கும் 'ஏ'வை அதனிடம் கொடுத்தால் குழம்பிப்போய் வேறு எதையோ திருப்பித் தரும். அதனால் இன்றைக்கும் உங்கள் மெஷினில் ஒரு 'ஏ'வைக் கொடுத்து, 'ஏ'வே திரும்பி வருகிறதா என்று கான்ஃபிகர் சரிபார்க்கிறது. 1991-இல் அமிகா கம்ப்யூட்டருக்காக பிராம் மூலெனார் வெளியிட்ட எடிட்டர் இது. அமிகாவுக்கான சி ஃபைல் இன்னும் சோர்ஸில் கிடக்கிறது. இந்தச் சந்தேகப் புத்திதான் அதை இத்தனை சிஸ்டங்களில் ஓட வைத்தது என்பது என் எண்ணம்.

இந்த விசாரணையில் சிலவற்றுக்குத்தான் 'இல்லை' என்றால் அங்கேயே நின்றுவிடும். டெர்மினல் லைப்ரரி அப்படி ஒன்று. என்கர்சஸ் என்ற அந்த லைப்ரரி இல்லாவிட்டால், அதிலுள்ள டிஜெட்என்ட் ஃபங்ஷன் கிடைக்கவில்லை என்று சொல்லி நிறுத்திவிடும், எந்த பேக்கேஜைப் போட வேண்டும் என்றும் அதுவே சொல்லும். டெபியன், உபுண்டுவில் அதன் பெயர் லிப்என்கர்சஸ்-டெவ், ஃபெடோராவில் என்கர்சஸ்-டெவெல், ஆல்பைனில் என்கர்சஸ்-டெவ். லைப்ரரி மட்டும் இருந்தால் போதாது, அதில் என்னென்ன ஃபங்ஷன் உண்டு என்று கம்பைலருக்குச் சொல்லும் ஹெடர் ஃபைல்களுக்காக இந்த 'டெவ்' வால் உள்ள பேக்கேஜும் வேண்டும்.

மற்றதெல்லாம் எங்கள் வண்ணாரப்பேட்டை அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடை மாதிரி. வாழைத்தண்டு சூப் தீர்ந்துவிட்டால் கடைக்காரர் வாய் திறக்க மாட்டார், அத்தோவை மட்டும் கட்டிக் கொடுத்துவிடுவார். வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரிக்கும்போதுதான் தெரியும்.

அந்த மாடி அறையில் ஒரு தம்பி, பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு. விம்மைக் கம்பைல் செய்துவிட்டுச் சந்தோஷமாகப் போனவன், அடுத்த வாரம் வந்து, "இன்னாணா, இதுல காப்பி பண்ணா பிரவுசர்ல பேஸ்ட் ஆவ மாட்டேங்குது" என்றான். 'விம் வெர்ஷன்' என்று அடிக்கச் சொன்னேன். அதில் ஒவ்வொரு வசதிக்கும் முன்னால் பிளஸ் அல்லது மைனஸ் இருக்கும். அவனுடையதில் கிளிப்போர்டுக்கு முன்னால் மைனஸ். அந்த மெஷினில் கிளிப்போர்டுக்கு வேண்டிய எக்ஸ் விண்டோ சிஸ்டத்தின் ஹெடர் ஃபைல்கள் இல்லை. கான்ஃபிகர் 'நோ' என்று ஒரு வரி போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

"லிப்எக்ஸ்டி-டெவ் போட்டுட்டு மறுபடி கம்பைல் பண்ணுடா" என்றேன். போட்டான், திரும்ப கான்ஃபிகரும், கம்பைல் செய்யும் 'மேக்' கமாண்டும் ஓட்டினான். அப்போதும் மைனஸ்தான். நானும் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் தேடினேன். கடைசியில் பார்த்தால், கான்ஃபிகர் தன் பதில்களை ஆட்டோ என்ற ஃபோல்டரில் கான்ஃபிக் டாட் கேஷ் என்ற ஃபைலில் எழுதி வைத்துக்கொள்கிறது. போன வாரம் 'இல்லை' என்று எழுதியதை இந்த வாரமும் அப்படியே படித்து, திரும்பச் சோதிக்காமலே 'இல்லை' என்றிருக்கிறது. உற்றுப் பார்த்தால் அந்த வரியின் பக்கத்தில் 'கேஷ்டு' என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தது, நாங்கள்தான் கவனிக்கவில்லை. 'மேக் டிஸ்ட்கிளீன்' போட்டுவிட்டு முதலிலிருந்து ஓட்டியதும் பிளஸ் வந்தது.

ஆகவே புதிதாக ஒரு லைப்ரரி போட்டால் டிஸ்ட்கிளீன் கட்டாயம். வெறும் 'மேக் கிளீன்' போதாது, அது ஆப்ஜெக்ட் ஃபைல்களைத்தான் துடைக்கும். ஏதாவது 'நோ' என்று வந்து காரணம் புரியாவிட்டால் அதே ஆட்டோ ஃபோல்டரில் கான்ஃபிக் டாட் லாக் இருக்கும். சோதித்த குட்டி புரோகிராம், அதற்கு கம்பைலர் சொன்ன எரர், இரண்டும் அதில் அப்படியே பதிவாகியிருக்கும்.

பைதான், லுவா போன்றவற்றை நீங்களே கேட்டு வாங்கும்போது 'எனேபிள்-ஃபெயில்-இஃப்-மிஸ்ஸிங்' என்ற ஆப்ஷனையும் சேர்த்துக் கொடுங்கள். கேட்டது கிடைக்காவிட்டால் மௌனமாகப் போகாமல் எரர் அடித்து நிற்கும். கிளிப்போர்டுக்கு மட்டும் நான் இதை நம்புவதில்லை, வெர்ஷன் பட்டியலைக் கண்ணால் பார்த்துவிடுகிறேன்.

ஒரே சோர்ஸை வைத்துப் பல சிஸ்டங்களுக்குக் கம்பைல் செய்ய 'மேக் ஷேடோ' என்று ஒரு வழி உண்டு, அதிகம் பேர் பயன்படுத்திப் பார்த்ததில்லை. எஸ்ஆர்சி ஃபோல்டருக்குள் நின்று அதை ஓட்டினால் ஷேடோ என்று ஒரு ஃபோல்டர் உருவாகும். அதில் சி ஃபைல்களுக்கு சிம்லிங்க் (உண்மையான ஃபைலைச் சுட்டும் குறுக்குவழி) மட்டும் இருக்கும், கான்ஃபிகரின் பதில்கள் தனியாகச் சேரும். ஷேடோடிர் என்ற வேரியபிளில் வேறு பெயர் கொடுத்தால் மெஷினுக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளலாம். நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபோல்டர் என்றால் ரொம்ப வசதி. பென்டிரைவில் இது எடுபடாது, ஃபேட் ஃபார்மட்டில் சிம்லிங்க் தங்காது.

கல்லூரி லேப் என்கிறீர்கள், ரூட் (அட்மின்) பாஸ்வேர்டு தர மாட்டார்கள். ப்ரிஃபிக்ஸை உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் கொடுங்கள். என்கர்சஸ் ஹெடர் இல்லையென்றால் அதன் சோர்ஸையும் இறக்கி, அதே ப்ரிஃபிக்ஸில் கம்பைல் செய்துவிட்டு, சிபிபி ஃபிளாக்ஸில் ஹெடர் இருக்கும் இடத்தையும் எல்டி ஃபிளாக்ஸில் லைப்ரரி இருக்கும் இடத்தையும் காட்டுங்கள். ஒரு மதியம் போகும், ஆனால் யாரிடமும் போய் நிற்க வேண்டாம்.

ராஸ்பெர்ரி பைக்கான ஃபைலை லேப்டாப்பிலேயே உருவாக்கலாமே, அதாவது கிராஸ் கம்பைல் செய்யலாமே என்று ஆசை வரும். வேண்டாம் என்பேன். குட்டி புரோகிராமை ஓட்டிப் பார்ப்பது என்றேனே, ஆர்முக்கான புரோகிராமை இன்டெல் மெஷினில் எப்படி ஓட்டுவது? அதனால் டூ-அப்பர் உடைந்திருக்கிறதா என்பது போல, ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும் கேள்விகளுக்கெல்லாம் நாமே கையால் பதில் எழுதிக் கொடுக்க வேண்டும். விம் ஒன்றும் பெரிய மலையல்ல. ராஸ்பெர்ரி பையிலேயே 'மேக்' கமாண்டைப் போட்டுவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டரில் எக்ஸ்கோடின் கமாண்ட் லைன் கருவிகளைப் போட்டுவிட்டால் அதே கான்ஃபிகர் ஓடும். விண்டோஸில் கான்ஃபிகரே கிடையாது, மிங் அல்லது எம்விசி என்று பெயருள்ள தனி மேக்ஃபைலில் வேண்டியதை வேரியபிளாகக் கொடுக்க வேண்டும். விண்டோஸில் கிட் என்ற கருவி மூலம் இறக்கிய சோர்ஸை அப்படியே லினக்ஸுக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். வரி முடிவுகள் மாறியிருந்தால் கான்ஃபிகர் முதல் வரியிலேயே படுத்துக்கொள்ளும்.

இப்போது அந்த மாடி அறையில் மெஷினுக்கு ஒரு சின்ன ஷெல் ஃபைல் வைத்திருக்கிறோம். எந்த பேக்கேஜ், எந்த ப்ரிஃபிக்ஸ், என்னென்ன ஆப்ஷன் என்று நாலு வரி, அவ்வளவுதான். 20.04 டெஸ்க்டாப்புக்கான ஃபைலில் முதல் வரியாக அந்தத் தம்பி ஒரு கமெண்ட் எழுதி வைத்திருக்கிறான்: "லிப்எக்ஸ்டி போடாம ஓட்டாதணா."