காசநோய்க் கருவி வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்? – கேள்வி பதில்

காசநோய் ஆய்வகங்களில் கருவிகளை நிறுவிப் பயிற்சி தருவது என் வேலை. சளியில் காசநோய்க் கிருமியின் டிஎன்ஏ இருக்கிறதா என்று பார்க்கும் ஜீன்எக்ஸ்பர்ட் (நம் ஊரில் சிபிநாட்), ட்ரூநாட் போன்ற கருவிகள் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அறக்கட்டளை நிர்வாகி, திண்டுக்கல்: எங்கள் மருத்துவமனைக்கு நன்கொடையாளர் ஒருவர் ஜீன்எக்ஸ்பர்ட் வாங்கித் தருகிறார். ஏசி அறை தயார். வேறென்ன வேண்டும் சார்?

ரொம்ப நல்லது. ஆனால் கார்ட்ரிட்ஜ் (மாதிரியை ஊற்றிக் கருவிக்குள் வைக்கும் சிறு பெட்டி) யார் வாங்கித் தருவார்? ஒரு பரிசோதனைக்கு ஒரு கார்ட்ரிட்ஜ்; திரும்பப் பயன்படுத்த முடியாது. ஏழை, நடுத்தர வருமான நாடுகளின் பொதுத்துறைக்கு அதன் விலை 2012-ல் 16.86 டாலரிலிருந்து 9.98 டாலராகவும், 2023-ல் 7.97 டாலராகவும் குறைந்தது. அந்தச் சலுகை எல்லா மருத்துவமனைக்கும் கிடைத்துவிடாது. உங்களுக்கு உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கார்ட்ரிட்ஜை 2 முதல் 28 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ராத்திரி ஏசியை அணைத்துவிட்டுப் போகும் அறையில் அடுக்கி வைக்காதீர்கள்.

அப்புறம், வாரண்டி முடிந்த பிறகு வரும் பராமரிப்பு ஒப்பந்தம். அதையும் சேர்த்துத் தரச் சொல்லி நன்கொடையாளரிடம் இப்போதே பேசிவிடுங்கள். பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை, அதனால் பின்னால் கேட்டால் பணம் வராது.

லேப் டெக்னீஷியன், தருமபுரி: நாலு மாட்யூல் (ஒரே நேரத்தில் நாலு மாதிரி வைக்கும்) ஜீன்எக்ஸ்பர்ட் வரப்போகிறது. தினமும் 40 மாதிரி பார்க்கச் சொல்கிறார்கள். முடியுமா?

முடியாது. பழைய வகை கார்ட்ரிட்ஜுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். எட்டு மணி நேரத்தில் நாலு சுற்று, மொத்தம் 16. அல்ட்ரா என்ற புது வகை கார்ட்ரிட்ஜ் 80 நிமிடத்துக்குள் முடிந்துவிடும் என்றாலும் காகிதக் கணக்கிலேயே 24-தான் வருகிறது. சளியில் இரண்டு மடங்கு ரீஏஜென்ட் (அதைக் கரைக்கும் திரவம்) ஊற்றிக் குலுக்கி, பத்து நிமிடம் விட்டு, மறுபடி குலுக்கி, இன்னும் ஐந்து நிமிடம் காத்திருக்கும் நேரம் இதில் சேரவில்லை. மாதிரி பஸ்ஸில் 11 மணிக்கு வந்து சேர்ந்தால் பாதி நாள் போச்சு. ஒரு மாட்யூல் பழுதானால் மூன்றுதான் மிச்சம். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, கருவி வருவதற்கு முன்பே மேலதிகாரியிடம் கொடுத்துவிடுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்: அடிக்கடி கரண்ட் போகிறது. ட்ரூநாட் எடுக்கலாமா?

எடுக்கலாம். கோவாவின் மோல்பயோ நிறுவனம் தயாரிப்பது; பேட்டரியில் ஓடும்; உலக சுகாதார நிறுவனம் 2020-ல் ஏற்றுக்கொண்டது. ஆனால் இதில் கைவேலை கூடுதல். டிஎன்ஏ-வைப் பிரித்தெடுக்க ஒரு கருவி, சோதிக்க இன்னொன்று, நடுவில் துளித்துளியாக அளந்து ஊற்றும் மைக்ரோ பிப்பெட். காசநோய்க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினைக் கிருமி எதிர்க்கிறதா என்று பார்க்கத் தனியாக இன்னொரு சிப் போட வேண்டும். ஒருவர் லீவு போட்டாலோ மாறுதலில் போனாலோ கருவி தூங்கிவிடும். அதனால் இரண்டு பேருக்காவது பயிற்சி கொடுங்கள்.

தனியார் மருத்துவர், மதுரை: தென்னாப்பிரிக்காவில் ஜீன்எக்ஸ்பர்ட் கருவியைப் போட்டும் சாவு குறையவில்லை என்று படித்தேன். பிறகு எதற்கு இவ்வளவு செலவு?

நல்ல கேள்வி. உலக சுகாதார நிறுவனம் 2010 டிசம்பரில் பரிந்துரைத்ததும், 2011-லேயே தென்னாப்பிரிக்கா இதை நாடு முழுக்கக் கொண்டுபோக ஆரம்பித்தது. அங்கே நடந்து 2015-ல் வெளியான எக்ஸ்டெண்ட் என்ற ஆய்வு, நுண்ணோக்கிப் பரிசோதனைக்குப் பதிலாக இதை வைத்தபோது நோயாளிகளின் இறப்பில் தெளிவான வித்தியாசம் இல்லை என்று காட்டியது. கருவி சரியாகத்தான் வேலை செய்தது. நுண்ணோக்கியில் தப்பும் கிருமியை இது பிடிக்கும். கோளாறு அதைச் சுற்றி இருந்தது. பல மருத்துவர்கள் அறிகுறியையும் எக்ஸ்ரேயையும் பார்த்தே மருந்தைத் தொடங்கிவிடுவார்கள். இன்னொரு பக்கம், கிருமி இருப்பது தெரிந்தும் சிகிச்சைக்கு வந்து சேராதவர்களும், 'நெகட்டிவ்' என்று வந்த பிறகு யாரும் திரும்பிப் பார்க்காதவர்களும் உண்டு.

நான் போன ஒரு இடத்தில் ரிசல்ட் தாள்கள் லேப் ஜன்னல் கம்பியில் கிளிப் போட்டுத் தொங்கின. வாரத்தில் இரண்டு நாள் வரும் மேற்பார்வையாளர் வந்து எடுத்துப்போவார். இரண்டு மணி நேரக் கருவியை வைத்துக்கொண்டு மூன்று நாள் கழித்து நோயாளிக்குச் செய்தி!

ஆகவே வாங்கும் முன் ஒரு நோயாளியின் பாதையை எழுதிப் பாருங்கள். சளி டப்பாவை யார் கொண்டுவருவார், ரிசல்ட்டை யார் போனில் சொல்வார், முதல் மாத்திரையை எந்த நாளில் யார் கொடுப்பார்? மருந்து எதிர்ப்பு என்று வந்தால் எங்கே அனுப்புவது, அங்கே மருந்து இருப்பில் இருக்கிறதா? பொறுப்பாளர் பெயரை எழுத முடியாத இடத்தில்தான் நோயாளி விட்டுப்போவார்.

தொண்டு நிறுவனப் பணியாளர்: கையில் தூக்கிப்போகும் எக்ஸ்ரேயும் ஏஐ மென்பொருளும் வாங்கி முகாம் நடத்தலாமா?

முதலில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி. மென்பொருளை வைத்துப் படம் பார்ப்பதை உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பரிந்துரைத்தது 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டும்தான். அடுத்து, முகாமில் 60 பேரைச் சந்தேகம் என்று காட்டினால் மறுநாள் அத்தனை பேருக்கும் சளிப் பரிசோதனை செய்ய லேபுக்குத் தெம்பு இருக்கிறதா? மென்பொருள் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு மதிப்பெண் தரும்; எந்த மதிப்பெண்ணுக்கு மேல் சந்தேகம் என்பதை லேப் ஆட்களையும் உட்காரவைத்து முடிவு செய்யுங்கள்.

செவிலியர்: புதுக் கருவி என்றாலே எங்களுக்கு வேலை கூடுகிறது. எங்களை யாரும் கேட்பதே இல்லை.

உண்மைதான் சிஸ்டர். எச்சிலைத் துப்பாமல் ஆழமாக இருமிச் சளி எடுக்கச் சொல்லிக்கொடுப்பது நீங்கள்தான். அது சரியில்லை என்றால் எந்தக் கருவியாலும் பயனில்லை. கூட்டத்தில் ஒன்றைக் கேளுங்கள்: நிக்ஷயில் (அரசின் காசநோயாளிகள் பதிவுக்கான இணையதளம்) பதிந்த பிறகு எந்தெந்தப் பதிவேட்டை நிறுத்தலாம்? பதில் வரும்வரை விடாதீர்கள்.

லேப் உதவியாளர்: பயன்படுத்திய கார்ட்ரிட்ஜை என்ன செய்வது?

சாதாரணக் குப்பையில் போடக் கூடாது, அது மருத்துவக் கழிவு. தினம் பத்துப் பன்னிரண்டு என்று சேர்ந்தால் மாதக் கடைசியில் மூட்டையாகிவிடும். கழிவு எடுக்கும் நிறுவனத்திடம் எந்தப் பையில் கட்டுவது, வாரத்தில் எத்தனை முறை வருவார்கள் என்று கருவி வரும் முன்பே பேசிவிடுங்கள்.